காலி செய்யப் போகிற வீட்டில் ஒரு பூச்செடி



இந்த மாதச் செய்திக்கு வேதபகுதி எரேமியா 29-ம் அதிகாரம், 4 முதல் 10 வரையுள்ள வசனங்கள். வேதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். ஆனால் முதலில் என் வீட்டு வாசலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்த வசனங்களைப் பேச எனக்குத் தகுதி இல்லை.

நாங்கள் குடியிருப்பது எஸ்டேட் லைன் வீடு. வாசற்படிக்கும் நடைபாதைக்கும் நடுவே எட்டடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு துண்டு மண். பதினோரு வருஷம் அது சும்மா கிடந்தது. மழைக்காலத்தில் பாசி பிடிக்கும், வெயிலில் இறுகிப்போகும். லைனில் மற்ற வாசல்களில் எல்லாம் ரோஜா, டேலியா, செண்டுமல்லி என்று ஏதாவது ஒன்று நிற்கும். பாஸ்டர் வீட்டு வாசலில் மட்டும் ஒரு ஓட்டை பக்கெட்.

என் மனைவி சத்தியமங்கலம் பக்கம் பிறந்தவள். மல்லிகைக் காட்டுக்கு நடுவே வளர்ந்தவள். விடியும் முன்னே டார்ச்சு லைட்டோடு போய்ப் பூப்பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாளாம். ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து அவள் தலையில் பூ வைப்பதில்லை. நம் சபைச் சகோதரிகள் அந்தச் சாட்சியை எப்படிக் காத்துவருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் குறித்து அவள் ஒருநாளும் முறுமுறுத்ததில்லை. கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். "ஏனுங்க, வாசல்ல நாலு பூச்செடி வெக்கலாமுங்களா?"

நான் சொன்ன சாக்குகளை வரிசையாக எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது. இது கம்பெனி வீடு, வேலை முடிந்தால் காலி செய்து சாவியைக் கொடுக்கவேண்டும், யாருக்கு நடுவது என்றேன். செடி வைத்தால் புதராகும், புதரில் சிறுத்தை வந்து படுக்கும் என்றேன். நாமே பூ வைக்கிறதில்லை, பூச்செடி எதற்கு என்றும் ஒருநாள் கேட்டுவிட்டேன். அதற்கு அவள், "தலைல வெக்கவா கேட்டேன்? பாக்கறதுக்குத்தானுங்க கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே ஆவிக்குரிய சாக்கு ஒன்றும் வைத்திருந்தேன். ஆண்டவருடைய வருகை வாசலில் நிற்கிறது, இந்த நேரத்தில் மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பதா? எபிரெயர் 13-ஐ எடுத்து, நமக்கு இந்தப் பூமியில் நிரந்தர முகவரி கிடையாது என்று அவளுக்கே பிரசங்கம் பண்ணினேன். வேத வசனத்தை மனைவியின் வாயை அடைக்க எடுக்கிற ஊழியக்காரன் நான் ஒருவன் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். ஆனால் நானும் ஒருவன்.

உண்மைக் காரணம் வேறே. எனக்கு வால்பாறையில் இருக்க மனதில்லை. மழையும் அட்டையும் 40 கொண்டை ஊசி வளைவும் போதும் போதும் என்றிருந்தது. கீழே பொள்ளாச்சியிலோ திருப்பூரிலோ ஒரு சபை கிடைக்கும் என்று ஒவ்வொரு உபவாச ஜெபத்திலும் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டே வருஷம், இன்னும் இரண்டே வருஷம் என்று பதினோரு வருஷம் ஓடிப்போனது. செடி நட்டால் இங்கேதான் இருக்கப்போகிறேன் என்று ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும். அதற்குப் பயந்தேன்.

இப்போது வேதபகுதிக்கு வாருங்கள்.

கி.மு. 597-ல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமை முற்றிக்கை போட்டு, எகொனியா ராஜாவையும், பிரபுக்களையும், தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துப் போனான். பதினாயிரம் பேர் என்று 2 இராஜாக்கள் 24-ல் வாசிக்கிறோம். கைத்தொழில் தெரிந்தவனை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனான். வேலைக்கு ஆள் வேண்டும் அல்லவா? பிற்காலத்தில் எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு நடந்து வந்தபோது நான்கு மாதம் ஆனது. அப்படியானால் இவர்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோகப்பட்டார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீடு அவர்களுடையது அல்ல, மண் அவர்களுடையது அல்ல, பேசுகிற பாஷையும் அவர்களுடையது அல்ல. நம்முடைய தாத்தா பாட்டிமார் கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறி வந்து லைன் வீட்டில் இறங்கியபோது எப்படி இருந்திருக்கும்? ஏறக்குறைய அப்படி.

அந்த ஜனத்துக்கு எரேமியா ஒரு கடிதம் எழுதி எலெயாசா, கெமரியா என்கிற இரண்டு பேர் கையில் கொடுத்தனுப்புகிறார். கர்த்தருடைய கட்டளை. ஊருக்குத் திரும்ப மூட்டையைக் கட்டுங்கள் என்று வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் வந்தது வேறே. வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதில் காய்க்கிறதைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள். அதோடு நிற்கவில்லை. உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணம் நன்றாயிருக்க ஜெபம் பண்ணுங்கள், அது நன்றாயிருந்தால்தான் நீங்களும் நன்றாயிருப்பீர்கள் என்று ஏழாம் வசனத்தில் இருக்கிறது. கணக்கும் சொல்லிவிட்டார். எழுபது வருஷம். வாசித்துக் கேட்டவர்களில் பெரியவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அவர்களிடத்தில்தான் தேவன் தோட்டம் போடச் சொல்லுகிறார்.

இதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசியுங்கள். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று கர்த்தருடைய நாமத்தினாலே சொல்லுகிறான். எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தை எடுத்து உடைத்தும் போடுகிறான். ஜனங்களுக்குப் பிடித்திருக்கும். இன்றைக்கு என்றால் அல்லேலூயா சத்தம் கூரையைத் தூக்கியிருக்கும். எரேமியாகூட முதலில் ஆமென் என்கிறார், அப்படியே ஆகட்டும் என்கிறார். அவருக்கும் ஆசை இருந்தது. ஆனால் ஆசை வேறே, கர்த்தருடைய வார்த்தை வேறே. அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் அனனியா செத்துப்போனான்.

பிரியமானவர்களே, இந்தப் பகுதியை ஒரு ஞாயிறு ஆராதனையில் நல்ல அபிஷேகத்தோடு பிரசங்கித்தேன். ஜனங்கள் கைதட்டினார்கள். ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் என் மனைவி சொன்னாள்: "அந்த அனனியா மாதிரி நீங்களும் ஒருத்தருக்கு ரெண்டு வருஷம் சொல்லியிருக்கீங்களே, நெனப்பு இருக்குதுங்களா?"

இருந்தது. மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தின வருஷம் ஒரு உபவாசக் கூட்டத்தில், நம் சபைக் குடும்பம் ஒன்றுக்கு நான் கைவைத்து ஜெபிக்கும்போது, இந்த ஜூன் மாதத்துக்குள் கர்த்தர் உங்களை மலையிலிருந்து இறக்குவார், கோயம்புத்தூரில் வாசல் திறக்கிறார் என்று சொல்லிவிட்டேன். ஆவியானவர் சொன்னாரா? இல்லை. எனக்குக் கீழே இறங்க ஆசை. அந்த ஆசை என் வாயில் தீர்க்கதரிசனமாக வந்துவிட்டது. அந்தத் தகப்பன் நம்பினார். பத்தாம் வகுப்பு முடித்த மகளை இங்கே பிளஸ் ஒன்னில் சேர்க்கவில்லை, கோயம்புத்தூரில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். ஜூன் போனது, ஜூலை போனது, வாசல் ஒன்றும் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாய்ப்போனது. என் வாசல் மண்ணைச் சும்மா போட்டதோடு நில்லாமல், ஒரு பிள்ளையின் வருஷத்தையும் சும்மா போட வைத்தேன்.

அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சகோதரன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சொன்னார், "நீங்க சொன்னதை விடுங்க ஐயா. நாங்க கேக்க ஆசைப்பட்டதைச் சொன்னீங்க, அதான் சோதிச்சுப் பாக்காம புடிச்சுக்கிட்டோம்." பிள்ளை ஒன்றும் பேசவில்லை. டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது. அடுத்த ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படித்தது என்பது தேவ கிருபை. தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர்களும் கேட்கிறவர்களும் இதை வாசித்து யோசிக்கவேண்டும் என்றுதான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்தேன். மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனி என்று நினைத்துக்கொண்டேனே தவிர, மனமில்லாமல்தான் எடுத்தேன். லைனில் ஒரு தாயார் இருக்கிறார்கள், முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்தவர்கள். அவர்களிடம் டேலியாக் கிழங்கு கேட்டு வாங்கினேன். சாம்பலில் போட்டு வைத்திருந்த குவியலைக் காட்டி, எடுத்துக்கோங்க பாஸ்டரய்யா என்றார்கள். நல்லதாய்ப் பருத்த கிழங்காகப் பார்த்து நாலு எடுத்தேன். ஜூன் முதல் வாரம் நட்டேன். அந்த வாரமே மழை இறங்கியது. நம்ம ஊர் ஜூன் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எட்டடி மண்ணும் குட்டையானது. ஜூலையில் தோண்டிப் பார்த்தால் மூன்று கிழங்கு அழுகிக் கூழாகியிருந்தது. நாலாவது அழுகவில்லை, முளைக்கவும் இல்லை. போட்ட மாதிரியே கிடந்தது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்! பார்த்தாயா, இந்த மண்ணில் ஒன்றும் வராது என்று சொல்ல ஒரு சாக்கு கிடைத்தது. அந்தக் கிழங்கை எடுத்துக்கொண்டு தாயாரிடம் போனேன். அவர்கள் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இதுல கண்ணு இல்லையே ஐயா."

உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண் இருக்கும். டேலியாவுக்கு அப்படி இல்லையாம். பழைய தண்டோடு ஒட்டியிருந்த கழுத்தில்தான் கண் இருக்கும். கழுத்தில் அந்தச் சின்ன முண்டு இல்லாவிட்டால், கிழங்கு முழங்கை அளவு பருத்திருந்தாலும் மண்ணில் கிடந்து கிடந்து கடைசியில் வீணாகும். விரல் அளவே உள்ள ஒல்லிக் கிழங்கு, கழுத்தில் கண்ணோடு இருந்தால், முளைத்துவிடும். நான் ஒல்லியை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் பருமனைப் பார்த்து எடுத்திருந்தேன். சாமுவேல் தீர்க்கதரிசியே எலியாபின் உயரத்தைப் பார்த்து ஏமாந்தார், நான் எம்மாத்திரம்? பைபிள் காலேஜில் டிப்ளமா வாங்கினவன், மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசுகிறவன், நல்ல பருத்த கிழங்குதான். தண்டோடு ஒட்டியிருந்த கழுத்து எங்கே என்று அன்று ராத்திரி ஜெபத்தில் கேட்டுக்கொண்டேன். யோவான் 15-ல் ஆண்டவர் கொடியைப் பற்றிச் சொன்னதும் அதுதானே.

தாயார் இன்னும் சொல்லிக்கொடுத்தார்கள். மழை ஓயட்டும், செப்டம்பர் கடைசியில் நடுங்கள். மண்ணை ஒரு முழம் மேடாக்குங்கள். சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, தண்ணீர் நிற்காமல் இறங்குகிற மாதிரி விடுங்கள். இது தேயிலை மண், புளிப்பு ஜாஸ்தி. அடுப்புச் சாம்பலும் மாட்டுச் சாணமும் கலந்து கொடுங்கள். நடும்போதே பக்கத்தில் குச்சி ஊன்றிவிடுங்கள், செடி வளர்ந்தபிறகு குச்சி குத்தினால் கிழங்கில் குத்திவிடும். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் வேண்டும், டேலியாவுக்கு அவ்வளவு ஆகாது என்பதை எஸ்டேட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். சிறுத்தைப் பயத்துக்கும் அவர்களிடம் பதில் இருந்தது. இடுப்பு உயரப் பூச்செடி நாலு தள்ளித்தள்ளி வைத்தால் புதர் ஆகாது. கீழே களையைச் சுத்தமாய்ப் பிடுங்கிவிடுங்கள். வாழை மட்டும் வேண்டாம், யானையை நாமே அழைத்த மாதிரி. பதினோரு வருஷ சாக்கு அரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது.

அந்த வருஷம் நாலு நட்டேன். ஒன்றை முள்ளம்பன்றி தோண்டித் தின்றுவிட்டது. ஒன்று முளைத்து ஒடிந்தது. இரண்டு நின்றன.

இந்த இடத்தில் வில்லியம் கேரியை நினைக்காமல் இருக்கமுடியவில்லை. செருப்புத் தைக்கிறவராயிருந்து, 1793-ல் இந்தியாவுக்கு வந்து, வங்காளம் முதலான பாஷைகளில் வேதத்தை மொழிபெயர்த்தவர் என்று நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் செராம்பூரில் ஏறக்குறைய ஐந்து ஏக்கரில் ஒரு பெரிய தோட்டம் போட்டிருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1820-ல் இந்தியாவில் விவசாயத்துக்கும் தோட்டக்கலைக்கும் ஒரு சங்கத்தை ஆரம்பித்தவரும் அவரே. இங்கிலாந்திலிருந்து நண்பர் அனுப்பின விதை மூட்டையைப் பிரித்து, பையில் ஒட்டியிருந்த மண்ணைத் தோட்டத்தில் ஒரு ஓரமாய் உதறினாராம். சில நாளில் அந்த இடத்தில் அவருடைய சொந்த ஊர் டெய்சிப் பூ முளைத்திருந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பூவைப் பார்க்காத மனுஷன் சின்னப் பிள்ளைபோல் சந்தோஷப்பட்டார்.

1823-ல் தாமோதர் ஆற்று வெள்ளம் வந்து அந்தத் தோட்டத்தை அடித்துக்கொண்டு போனது. அப்போது கேரிக்கு 62 வயது. காலில் அடிபட்டு, காய்ச்சலும் வந்து, பிழைப்பாரா என்றிருந்த சமயம். எழுந்து மறுபடியும் நட்டார். 1834-ல் மரிக்கிற நாட்களில் தோட்டத்துக்கு வரமுடியாதபோது தோட்டக்காரரைப் படுக்கைக்கே கூப்பிட்டு விசாரிப்பார். ஒருநாள் அவர் முகம் வாடியிருக்கிறதைப் பார்த்து என்னவென்று கேட்டார்கள். தான் போனபிறகு சகோதரர் மார்ஷ்மேன் தோட்டத்துக்குள் மாட்டை விட்டுவிடுவார் என்று கவலை! உடன் ஊழியர் ஜோசுவா மார்ஷ்மேன், அப்படி ஒருநாளும் நடக்காது, உங்களுக்காக அதைக் காப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். தோட்டத்தில் மனமில்லாதவர் என்று பேர் எடுத்திருந்த மார்ஷ்மேன்மேல் எனக்கு ஒரு தனிப் பாசம். என்னைப்போல் ஒருவர்.

பாபிலோனுக்கும் வங்காளத்துக்கும் போவானேன், நம்ம மலையையே பாருங்கள். 1890-களில் கார்வர் மார்ஷ் துரை வந்து காட்டை வெட்டினார் என்று கவர்க்கல்லில் அவருக்குச் சிலை இருக்கிறது. நிரை நிரையாய்க் குழி தோண்டித் தேயிலைக் கன்றை ஊன்றியவர்களுக்குச் சிலை இல்லை. மலேரியாவில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதை, இங்கே வைத்தியம் பார்த்த டாக்டர் பி.எச். டேனியல் 1969-ல் 'ரெட் டீ' என்ற நாவலில் எழுதிவைத்தார். தமிழில் அது 'எரியும் பனிக்காடு'. அந்த ஜனங்களில் ஒருவருக்கும் ஒரு தேயிலைச் செடி சொந்தமாய் இருந்ததில்லை. ஆனாலும் லைன் வாசலில் கொஞ்சம் கீரையும் நாலு பூவும் வைத்தார்கள். எனக்குக் கிழங்கு தந்த தாயாருக்கு அது அவர்கள் அம்மா வைத்த வித்து வழியாய் வந்தது.

இப்போது நம் சபையில் பெஞ்சு காலியாகிறது. 2001 கணக்கெடுப்பில் வால்பாறையில் ஏறக்குறைய 95 ஆயிரம் பேர், 2011-ல் 71 ஆயிரம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோயம்புத்தூருக்கும் பிள்ளைகள் போகிறார்கள். போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன்; கூலியும் பள்ளிக்கூடமும் மருத்துவமும் பார்த்துத்தான் போகிறார்கள், ஜெபித்து அனுப்புவோம். நான் பேசுவது, போகாமல் இங்கேயே இருந்துகொண்டு போனவர்களைப்போல் வாழ்கிறவர்களைப் பற்றி. கூரை ஒழுகினால் வாளி வைப்பது, பக்கத்து வீட்டாரோடு பழகாமல் இருப்பது, சபையில் ஒரு பொறுப்பும் எடுக்காமல் இருப்பது. எல்லாம் இன்னும் இரண்டு வருஷம்தானே என்று. வருகை சமீபம் என்பது சத்தியம். ஆனால் லூக்கா 19-ல் எஜமான் தூரதேசம் போகும்போது ஊழியக்காரரிடம் பணத்தைக் கொடுத்து, தான் திரும்பி வருமட்டும் வேலை செய்யச் சொன்னார். துணியில் முடிந்து வைத்தவன்தான் திட்டு வாங்கினான். எட்டடி மண்ணைப் பதினோரு வருஷம் துணியில் முடிந்து வைத்தவன் நான்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் முதல் பூ விரிந்தது. அடர் சிவப்பு, சோற்றுத் தட்டு அகலம். என் மனைவி பறிக்கவில்லை. காலையில் டீ டம்ளரோடு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பதினோரு வருஷத்தில் நாங்கள் இருவரும் அந்தப் படியில் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல்முறை என்று அப்போதுதான் உறைத்தது.

எங்கள் பின் லைனில் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு நம் பாஷை தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. ஆறு மாதமாகப் பார்த்துப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தோம். அந்த வாரம் ஒரு மருமகப் பெண் கைக்குழந்தையோடு வாசலில் நின்று பூவைக் காட்டி, "டேலியா?" என்றது. "டேலியா" என்றேன். அவர்கள் ஊரிலும் அதே பேர்தானாம். என் மனைவி உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். பிப்ரவரியில் செடி காய்ந்தபிறகு கிழங்கைத் தோண்டினால், ஒரு கிழங்கு நட்ட இடத்தில் எட்டு இருந்தது. கண் பார்த்து மூன்று எடுத்து அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தோம். இப்போது அந்தக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறது. பிரசங்கம் எவ்வளவு புரிகிறதோ, நம் பிளஸ் ஒன் பிள்ளை, இப்போது பெரியவளாகிவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த இந்தியில் வசனம் எந்தப் பக்கம் என்று காட்டுகிறது.

இந்த வருஷத்துக் கிழங்கு ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, உலர்ந்த மணலில் வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்து பாஸ்டரம்மாவிடம் வாங்கிக்கொள்ளலாம். துணிப்பை கொண்டுவாருங்கள். கழுத்தில் கண் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். செப்டம்பர் கடைசிக்கு முன்னே நட்டுவிடாதீர்கள்.